ட்ரவுட் பிடிக்க ராடை முதலில் வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆற்றில் வாழும் ட்ரவுட் மீனை, ஃப்ளை என்ற பூச்சி வடிவப் போலி இரை போட்டுப் பிடிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை ஆசையைக் கிளப்பும்படி இருந்தது. ஆனால் சாமான் வாங்கும் பகுதி புதியவர்களைத் தவறான வழியில் அனுப்பிவிடும். 9 அடி நீளத்தில், 6-ஆம் எண்ணில், விறைப்பான ‘ஃபாஸ்ட் ஆக்‌ஷன்’ ராடு, அதாவது தூண்டில் கழி, வாங்கச் சொல்கிறது. செலவில் பாதியை அதற்கே ஒதுக்கச் சொல்கிறது. அடுத்து பிரேக் பலமான ரீல், அதற்குப் ‘பொருத்தமான’ லைன், பிறகு 20 மீட்டர் வீசப் பழக்கம். தேர்வு செய்யும் வரிசை இதற்கு நேரெதிராக இருக்க வேண்டும். எந்த ஆறு, எந்த ஃப்ளை என்பதில் தொடங்கி, லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு, லைன், ராடு என்று வந்து, ரீலைக் கடைசியில் பார்த்தால் போதும்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே முள்ளில் கட்டிய இறகுக்கும் மயிருக்கும் எடையென்று சொல்ல ஒன்றுமில்லை. எவ்வளவு பலமாக விசிறினாலும் காலடியில்தான் விழும். ஆகவே எடையை லைனிலேயே ஏற்றியிருக்கிறார்கள். நாம் வீசுவது லைனை. ஃப்ளை அதன் பின்னால் போகிறது. லைனின் மேல் போட்டிருக்கும் 3, 4, 5, 6 என்ற எண் அதன் எடைக் குறியீடு. நுனியில் சீரான பருமனோடு இருக்கும் குட்டித் துண்டை விட்டுவிட்டு, முதல் 30 அடியை, அதாவது 9.14 மீட்டரை நிறுத்துப் போடுகிற எண் அது. 4-ஆம் எண்ணுக்கு 120 கிரெய்ன், ஏறக்குறைய 7.8 கிராம், 5-க்கு 140 கிரெய்ன், 9.1 கிராம், 6-க்கு 160 கிரெய்ன், 10.4 கிராம். ராடின் பிடிக்கு மேல் எழுதியிருக்கும் எண், அந்த எடை நுனிக்கு வெளியே இருக்கும்போது ராடு நன்றாக வளைந்து வேலை செய்யும் என்று தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு.

புதியவர் தடுமாறும் இடம் இதுதான். ஆற்றில் பெரும்பாலான ட்ரவுட் 6 முதல் 10 மீட்டர் தூரத்துக்குள்ளேயே பிடிபடுகிறது. 8 மீட்டரில் மீன் நிற்கிறதென்றால் அதில் ஏறத்தாழ 3 மீட்டரை லீடர், அதாவது லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவிலுள்ள நரம்பு, எடுத்துக்கொள்ளும். ராடு நுனிக்கு வெளியே இருக்கும் லைன் 5 மீட்டர்தான். லைனின் முன்பகுதி மெலிந்துகொண்டே போவதால், அந்த 5 மீட்டரில் கணக்கிட்ட எடையில் பாதிகூட வராது. விறைப்பான ராடு இதற்கு வளைந்துகொடுக்காது. வளையாத ராடை வளைக்கப் பார்த்து ஆள் கையால் தள்ளுவார். லைன் குவிந்து ஃப்ளைக்கு முன்னால் தண்ணீரில் விழும், மீன் ஓடிவிடும். அதே இடத்தில் நடுத்தர வளைவுள்ள 4-ஆம் எண் ராடு மணிக்கட்டின் சின்ன அசைவுக்கே லைனை விரித்துப் போடும். 20 மீட்டர் வீச்சு பார்க்க அழகு; ஆற்றில் அதற்கு வேலை குறைவு.

லைன் வாங்கும்போது இன்னொரு விஷயம். ஃபாஸ்ட் ராடுகள் பெருகியபின், அட்டையில் 5 என்று போட்டுவிட்டு உள்ளே 6-க்குப் பக்கத்தில் எடை வைத்துச் சில நிறுவனங்கள் விற்கின்றன. ராடு விறைப்பாக இருந்தால் இது உதவும். மென்மையான ராடில் போட்டால் நுனி தொய்ந்து, வீச்சில் உருவாகும் லைன் வட்டம் அகலமாகத் திறந்துவிடும். 0.1 கிராம் வரை காட்டும் தராசு இருந்தால் முதல் 30 அடியைச் சுருட்டி வைத்து நிறுத்துப் பாருங்கள். ராடையும் லைனையும் பற்றிக் கிளம்பும் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மிதக்கும் லைன் ஒன்றே போதும். அட்டையில் எஃப் என்று இருக்கும். டபுள்யூ எஃப் என்றால் முன்பக்கம் கனம், பின்னால் ஒல்லி. டி டி என்றால் இரு முனையும் ஒரே மாதிரி. ஒரு பக்கம் வெடித்துத் தேய்ந்தால் திருப்பிச் சுற்றிக்கொள்ளலாம். சின்ன ஆற்றுக்கு டி டி வாங்கியவர் பணத்துக்கு இரண்டு லைன் கிடைத்த மாதிரி. பூச்சிக்கடிக்குப் பூசும் மருந்தும் வெயிலுக்குப் பூசும் களிம்பும் லைனின் மேலுறையைக் கெடுக்கும். அவை பட்ட கையால் லைனைத் தொடாதீர்கள். லைன் நுனி மூழ்க ஆரம்பித்தால் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும்.

சரி, எந்த எண்? அதை ஃப்ளைதான் சொல்ல வேண்டும். ஆற்று ட்ரவுட்டின் வயிற்றை நிரப்புபவை மேஃப்ளை, கேடிஸ், ஸ்டோன்ஃப்ளை, மிட்ஜ் என்ற பூச்சிகள். அதிலும் தண்ணீருக்கடியில் வாழும் அவற்றின் இளம்பருவங்கள். இவற்றைப் போலிசெய்யும் ஃப்ளைகள் 12 முதல் 18 வரை எண்ணுள்ள முள்ளில் கட்டப்படுகின்றன. முள்ளில் எண் கூடக்கூட அளவு சின்னது என்பதை மறக்க வேண்டாம். இந்த அளவுகளுக்கு 4 அல்லது 5-ஆம் எண் லைன் சரி. கரைக்குக் கரை 5 மீட்டர்கூட இல்லாத ஓடைக்கு 3. கட்டுரை சொன்ன 6 தப்பான எண் என்று சொல்லவில்லை. காற்றடிக்கும் அகன்ற ஆற்றில், 6-ஆம் எண் முள்ளில் கட்டிய கனத்த ஸ்ட்ரீமர் (சின்ன மீனைப் போலக் கட்டிய ஃப்ளை) எறிபவருக்கு அதுதான் வேண்டும். 16-ஆம் எண் மிதக்கும் ஃப்ளை போட அது தேவையில்லை.

ஃப்ளை ரகம் என்று நூறு பெட்டி வாங்க வேண்டியதில்லை. மிதப்பதற்கு ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ். அடியில் போவதற்கு ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர். ஒவ்வொன்றிலும் 14, 16, 18 அளவில் மும்மூன்று. ஃபெசன்ட் டெயிலை உருவாக்கியவர் இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர். நூலுக்குப் பதிலாக மெல்லிய செம்புக் கம்பியாலேயே இறகைக் கட்டினார். அந்தக் கம்பியின் எடைதான் அதை மீன் இருக்கும் ஆழத்துக்குக் கொண்டுபோனது. நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சரியான ஆழத்தில் போகும் ஃப்ளையை ட்ரவுட் வாயில் எடுக்கும். அச்சு அசலாகக் கட்டியதும், தலைக்கு மேலே அரை மீட்டர் உயரத்தில் போனால் வீண்.

ராடின் நீளத்தைக் கரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கிளைகள் கவிந்த ஓடைக்கு 7 அல்லது 7½ அடி. திறந்த ஆற்றுக்கு 9 அடி. லைனைத் தண்ணீரிலிருந்து தூக்கித் திருப்பிப் போட அந்த உயரம் வேண்டும். லைனே தண்ணீரில் படாமல், நிம்ஃப் என்ற, அடியில் போகும் கனமான ஃப்ளையைக் காலடியில் ஓடவிட்டுப் பிடிப்பவர்கள் 10 முதல் 11 அடி வரை, 2 முதல் 4 வரையான எண்ணில் எடுக்கிறார்கள். கடையில் ராடை வெறுமனே ஆட்டிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. லைன் மாட்டச் சொல்லி, வெளியே 6 மீட்டர் மட்டும் விட்டு வீசிப் பாருங்கள். அந்தத் தூரத்தில் லைன் தானாக விரிந்தால் அது உங்கள் ராடு.

கார்பன் ராடு மீனால் உடைவது அபூர்வம். கார் கதவு உடைக்கும். இணைப்பு தளர்ந்திருப்பதைக் கவனிக்காமல் வீசுவது உடைக்கும். பக்கத்தில் வந்த மீனைத் தூக்க ராடைச் செங்குத்தாக நிமிர்த்தித் தலைக்குப் பின்னால் சாய்த்தால் நுனி ஒடியும். இன்னொன்று கண்ணில் படாதது: டங்ஸ்டன் மணி வைத்த ஃப்ளை வீச்சில் ராடின் மேல் ‘டிக்’கென்று பட்டுவிடும். அப்போது ஒன்றும் ஆகாது. அந்தக் கீறலில் சில வாரம் கழித்து, சாதாரண மீனுக்கு ராடு இரண்டாகும். ஆள் தயாரிப்பாளரைத் திட்டுவார். அரைமணிக்கு ஒருமுறை இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள்; தளர்ந்துகொண்டே இருந்தால் உள்ளே நுழையும் பக்கத்தில் மெழுகுவத்தியை லேசாகத் தேயுங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். மின்கம்பிக்கு அடியில் வீசவே கூடாது. இதைக் கட்டுரை ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

ரீல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 30 செ.மீ. ட்ரவுட்டைக் கையால் லைனை இழுத்தே கரை சேர்க்கலாம். ரீல் நூலைச் சுற்றி வைக்கும் உருளைதான். பெரிய மீன் வேகமான நீரில் ஓடினால் மட்டும் பிரேக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் பலம் முக்கியமில்லை; ஓட்டம் தொடங்கும் அந்தக் கணத்தில் திக்காமல் இளக வேண்டும். மெல்லிய நரம்பு அறுவது அந்தத் திக்கலில்தான். லைனுக்குப் பின்னால் 20 பவுண்டு தாங்கும் டேக்ரான் பின்னல் நூல் 50 மீட்டர் சுற்றுங்கள். உருளையின் மையம் பெருப்பதால் லைன் சுருள் விழுவதும் குறையும்.

மிச்சமாகும் காசை லீடரில் போடுங்கள். மீனுக்கும் நமக்கும் நடுவில் உண்மையில் இருப்பது அதுதான். 9 அடி லீடரில் அடிப்பகுதி அரை மி.மீ.க்குச் சற்று மேல் பருமனாகத் தொடங்கி, படிப்படியாக மெலிந்து, டிப்பெட் என்ற கடைசித் துண்டில் முடியும். நீளத்தில் 60 சதவீதம் கனத்த பகுதி, 20 சதவீதம் மெலியும் பகுதி, 20 சதவீதம் டிப்பெட் என்பது நல்ல கணக்கு. டிப்பெட்டின் எக்ஸ் எண்ணை 11-லிருந்து கழித்தால் பருமன் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை என்று வரும்: 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6, அதாவது 0.15 மி.மீ.; 4எக்ஸ் 0.18, 6எக்ஸ் 0.13. எந்த முள்ளுக்கு எது? முள்ளின் எண்ணை 3-ஆல் வகுங்கள். 12-க்கு 4எக்ஸ், 16-க்கு 5எக்ஸ், 18-க்கு 6எக்ஸ். பெரிய ஃப்ளையை மெல்லிய டிப்பெட்டில் கட்டினால் வீசும்போது சுழன்று நரம்பை முறுக்கிவிடும். சின்னதைத் தடித்ததில் கட்டினால் ஃப்ளை நீரோட்டத்தில் அசையாமல் விறைத்துக்கொண்டு போகும்.

ஃப்ளூரோகார்பன் ‘தண்ணீரில் மறைந்துவிடும்’ என்ற வரி விளம்பரத்திலிருந்து வந்தது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு ஏறக்குறைய 1.53. குறைவாகத் தெரியும், அவ்வளவே. அதன் உண்மையான பயன் அது கனம் என்பதால் மூழ்குவதும், நீரை உறிஞ்சாததும், பாறையில் எளிதில் தேயாததும். ஆகவே நிம்ஃபுக்கு அது, மிதக்கும் ஃப்ளைக்கு நைலான். இரண்டையும் இணைக்க சர்ஜன் முடிச்சு நம்பகமானது. எந்த முடிச்சானாலும் எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டிலேயே பலம் போய்விடும். ஒவ்வொரு முறை ஃப்ளை மாற்றும்போதும் பத்து செ.மீ. வெட்டுப்பட்டு, மெலிந்த பகுதி தீர்ந்து தடித்த பகுதி வந்துவிடும். லீடர் நுனியில் 2 மி.மீ. டிப்பெட் வளையம் ஒன்று கட்டிவிட்டால் அதற்குப் பின் டிப்பெட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

மீன் அறுத்துக்கொண்டு போனால் உடனே புது ஃப்ளை கட்டாதீர்கள். அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் நரம்பு அறவில்லை, முடிச்சு நழுவியிருக்கிறது: சுற்று குறைவு, அல்லது சரியாக இறுக்கவில்லை. சுருளே இல்லாமல், முடிச்சு இருந்த இடத்தில் நறுக்கென்று அறுந்திருந்தால் காய்ந்த முடிச்சோ, மீன் கடித்ததும் அளவுக்கு மீறி இழுத்ததோ காரணம். நுனி சொரசொரவென்று மங்கலாக இருந்தால் பாறையில் தேய்ந்தது. விரல் நகத்தில் கடைசி அரை மீட்டரை ஓட்டிப் பார்த்து, தட்டுப்படும் இடத்துக்கு மேலே வெட்டிவிடுங்கள். டிப்பெட்டின் நடுவில் அறுந்திருந்தால் பெரும்பாலும் அங்கே ஒரு சின்னக் காற்றுமுடிச்சு இருந்திருக்கும். பெயர்தான் காற்று, அதைப் போடுவது நம் கை. முன்வீச்சில் பலத்தை ஆரம்பத்திலேயே கொட்டிவிட்டால் ராடு நுனி தாழ்ந்து, லைனின் மேல்பகுதி கீழ்ப்பகுதியை வெட்டிக்கொண்டு முடிச்சு விழும். நரம்பின் பலத்தில் பாதியை அது தின்றுவிடும். முடிச்சைக் கண்டதும் அவிழ்க்க உட்காராமல் வெட்டி எறிந்து, புதுத் துண்டு போடுவதே மேல். எறிவதென்றால் பைக்குள், கரையில் போட்ட நரம்பு பறவைகளின் காலில் சிக்கும்.

சாமானெல்லாம் சரியாக இருந்தும் மீன் எடுக்கவில்லையா? பெரும்பாலும் ஃப்ளை இழுபடுகிறது. ஆற்றில் நடுநீர் வேகம், ஓரநீர் மெதுவு. லைன் வேகமான நீரில் விழுந்து வயிறு போல வளைந்து, ஓரத்தில் மிதக்கும் ஃப்ளையை முன்னே இழுக்கும். கூர்ந்து பார்த்தால் ஃப்ளைக்குப் பின்னால் மெல்லிய வி வடிவக் கோடு தெரியும். அது தெரிந்துவிட்டால் அனுபவப்பட்ட ட்ரவுட் பக்கத்தில் வராது. கண்ணுக்குத் தெரியாத இழுபாடும் உண்டு. பக்கத்தில் நுரைக்குமிழி ஒன்றைக் குறித்துக்கொண்டு, ஃப்ளை அதோடு ஒட்டியே போகிறதா என்று பாருங்கள். சரிசெய்ய, லைன் காற்றில் இருக்கும்போதே ராடை மேல்நீர்ப் பக்கம், அதாவது நீர் வரும் திசையில், சாய்த்துப் போடலாம். விழுந்த பின் லைனின் வயிற்றை மேல்நீர் நோக்கிப் புரட்டலாம். எளிய வழி ஒன்று: டிப்பெட்டை 60 செ.மீ.யிலிருந்து 1.2 மீட்டராக நீட்டுங்கள். அது நேராக விரியாமல் நெளிநெளியாக விழும்; நெளிவு நிமிரும் வரை ஃப்ளை தன்பாட்டுக்கு மிதக்கும். காற்று எதிரே அடித்தால் மட்டும் இது எடுபடாது.

ஒரு மீனைப் பிடித்தபின் ஃப்ளை மூழ்கினால் மறுபடி மிதக்கவைக்கும் களிம்பு தடவிப் பலனில்லை. மீனின் கொழகொழப்பின் மேல் அது ஒட்டாது. தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொடியில் போட்டுக் குலுக்குங்கள்.

அடிநீரில் நிம்ஃப் ஓட்ட, தக்கைக்கும் ஃப்ளைக்கும் இடையே தண்ணீரின் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு வையுங்கள். நீரோட்டம் நரம்பைச் சாய்த்துவிடுவதால் ஆழத்துக்குச் சமமாக வைத்தால் அடிக்குப் போகாது. எப்போதாவது கல்லில் தட்ட வேண்டும். தட்டவே இல்லையென்றால் எடை போதவில்லை. 3 மி.மீ. டங்ஸ்டன் மணி, அதே அளவுப் பித்தளையைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம். ஈயக்குண்டைத் தவிருங்கள், விழுங்கும் நீர்ப்பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன. பிரிட்டன் சிறிய ஈயக்குண்டுகளை 1987-லேயே தடைசெய்துவிட்டது.

நிற்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். மீன் மேல்நீரைப் பார்த்து நிற்கும்; எனவே பின்னாலிருந்து வாருங்கள். மேலேயுள்ள உலகம் அதற்குச் சுமார் 97 பாகைக் கூம்பு வழியாகத்தான் தெரியும். 60 செ.மீ. ஆழத்தில் இருந்தால் மேற்பரப்பில் அந்தச் சன்னலின் குறுக்களவு ஏறக்குறைய 1.35 மீட்டர். நீர்மட்டத்திலிருந்து 10 பாகைக்குள் தாழ்ந்திருப்பவை அதன் விளிம்பில் நசுங்கி மங்கிப் போகும். 10 மீட்டர் தூரத்தில் நின்றாலும் தப்பிக்கலாம். 6 மீட்டருக்கு வந்துவிட்டால் தலை நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். முழங்கால் போட்டுக்கொள்ளுங்கள்.

காலணியின் அடியில் ஃபெல்ட் என்ற அழுத்திய கம்பளம் ஒட்டியதை வாங்கும்படி கட்டுரை சொல்கிறது. பாசிக்கல்லில் அது நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் ஈரம் காயாத அந்த ஃபெல்ட்டில் டிடிமோ என்ற பாசி ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குப் போகும். 2004-இல் அது தலைகாட்டிய நியூசிலாந்து, 2008-இல் ஃபெல்ட் அடிக்கே தடை போட்டது. ஆணி பதித்த ரப்பர் அடி எடுங்கள். ஆறு மாறும்போது சோப்புத் தண்ணீரில் கழுவி, தொட்டால் ஈரம் தெரியாத அளவு காய்ந்தபின் மேலும் 48 மணிநேரம் விடுங்கள். இடுப்புவரை இறங்குவோர், வேடர் என்ற நீர்புகா உடையின் மேல் பெல்ட் கட்டாமல் இறங்கக் கூடாது.

கடைசியாக, திருத்தம் வெளியிட வேண்டிய ஒன்று. கோடையில் ‘வெயில் ஏறியதும் மீன் சுறுசுறுப்பாகும்’ என்று கட்டுரையில் வந்திருக்கிறது. ட்ரவுட் குளிர்நீர் மீன். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக மேயும். 10 டிகிரியில் லிட்டருக்கு 11.3 மி.கிராம் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளக்கூடிய நீர், 20 டிகிரியில் 9.1 மி.கிராம்தான் வைத்துக்கொள்ளும், அதே நேரத்தில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. அந்த வெப்பத்தில் போராடிக் களைத்த மீனை விட்டாலும் அது நீந்திப் போய்ப் பிறகு செத்துவிடலாம். ஒரு வெப்பமானியைப் பையில் வைத்து, நீர் 20 டிகிரியைத் தொட்டதும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். கோடையில் விடியற்காலை நீர்தான் குளிர்ந்தது. கட்டுரையோடு வந்த படத்தில் மீனைக் காய்ந்த பாறைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். விடப்போகும் மீனென்றால் நனைந்த கை, ரப்பர் வலை, எதிர்க்கொக்கியை (பார்ப்) நசுக்கிய முள், தண்ணீருக்கு வெளியே 10 வினாடிக்கு மேல் கூடாது. அடுத்த ஞாயிறு இணைப்பில் வெப்பநிலைத் திருத்தத்தையாவது, கோடை முடிவதற்குள், வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்